அழுதார்கள் என்று நான் படித்துச் சொன்ன கடிதம்

தேவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயிலைச் சுற்றி நாலைந்து தெரு, அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் மலை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் யாருக்காவது இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தால் அது நேராக என் வீட்டுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் வாசலில் யாராவது கவரோடு நிற்பார்கள். படித்து, தமிழில் சொல்லி அனுப்புவேன். அப்படிச் சொல்லும்போது ஒருமுறை ஒரே ஒரு வினைச்சொல்லை மாற்றிச் சொன்னேன். அதனால் என்ன நடந்ததோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த தெருவில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை. தகப்பன், அந்தப் பெண் ஒன்பதாவது படிக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவள் என்னிடம்தான் படித்தாள். இங்கிலீஷ் அவளுக்குப் பெரிதாக வரவில்லை. ஆனால் அர்த்தம் தெரியாத சொல் வந்தால் கையைத் தூக்கிவிடுவாள். நான் நீட்டி விளக்கினால் பிடிக்காது. "டீச்சர், தமிழ்ல ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்பாள். பிளஸ் டூ முடித்ததும் தாயோடு சேர்ந்து அவளும் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். விடிந்தும் விடியாமலும் எங்கள் ஊர் முக்குக்குத் தோட்டத்து ஜீப் வந்து நிற்கும். கம்பம்மெட்டு ஏறி, செக்போஸ்ட் தாண்டி, கேரளப் பக்கம் இருக்கும் தோட்டங்களுக்குப் போவார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வருவார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் பாதிப் பெண்கள் இப்படித்தான் பிழைக்கிறார்கள். ஒன்பது பேர் உட்காரும் வண்டியில் பதினாலு பதினைந்து பேர் இருப்பதை நானும் தினம் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறேன்.

ஐப்பசி மழை நேரத்தில் அது நடந்தது. மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் ஜீப் வழுக்கி ஓரச் சுவரில் இடித்தது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். பின்னால் படியில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண் மட்டும் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டாள். கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. அவளுக்கு இருபத்து மூன்று வயது. அதே வண்டியில் உள்ளே, பின்சீட்டின் ஓரத்தில், அவள் தாய் உட்கார்ந்திருந்தார்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. தோட்டத்திலிருந்து ஒரு சூப்பர்வைசர் மாலையோடு வந்து, போட்டுவிட்டு, பெட்டியை மூடுவதற்குள் கிளம்பிவிட்டார். தாய் அழவே இல்லை. பெட்டிமேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் ஊரில் பேச்சு கிளம்பியது என்று நினைக்கிறேன். முழங்கால் வலிக்கிறதென்று தான் உள்ளே உட்கார்ந்துகொண்டு மகளைப் படியில் நிற்க விட்டாளே என்று ஒருத்தி சொல்ல, அது தெருத் தெருவாகப் போயிற்று. எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் அறையிலேயே ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அதைக் கேட்டேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

பங்குச் சாமியார் சொல்லித்தான் தாய் என்னிடம் வந்தார். தோட்டத்து நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும், அவர்கள் ஆபீசில் எல்லாம் இங்கிலீஷ்தான், நல்ல இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்றாராம். நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். சம்பவம், வயது, குடும்ப நிலை, ஒரே ஆதரவு என்றெல்லாம் எழுதி, கடைசிப் பத்தியில் இம்ப்ளோர் என்ற சொல்லைப் போட்டேன். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்று பொருள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. எழுதியதை வாசித்துக் காட்டியபோது தாய்க்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. பதிவுத் தபால். கவரைப் பிரிக்காமல் அப்படியே சேலை முந்தியில் சுற்றி எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து பிரித்தேன்.

ஒரே பக்கம். நல்ல தாள். முதலில் எங்கள் விண்ணப்பம் கிடைத்ததாக ஒரு வரி. அடுத்து, தொழிலாளர்கள் வண்டியின் படியில் நிற்கக் கூடாது என்று பலமுறை எச்சரிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று இரண்டு வரி. மூன்றாவது பத்தி இது: எச்சரிக்கையை மீறிப் பின்படியில் நின்று பயணம் செய்த இறந்தவரின் நடத்தையை நிர்வாகம் டெப்ளோர் செய்கிறது. அதற்குக் கீழே, இதில் ஆட்சேபம் ஏதும் இருந்தால் முப்பது நாளைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்.

நான் படித்து முடித்தேன். தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டிருக்காக டீச்சர்?"

டெப்ளோர் என்ற சொல்லை நான் எத்தனையோ வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். கடுமையாகக் கண்டிப்பது. அரசாங்க அறிக்கைகளில் வரும் சொல். அதை ஆளைக் குறித்துச் சொல்ல மாட்டார்கள், ஆள் செய்த காரியத்தைக் குறித்துத்தான் சொல்வார்கள் என்றுகூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அந்த வரியின் பொருளில் ஒரு சந்தேகமும் இல்லை. உன் மகள் செய்தது தப்பு, அதனால் செத்தாள் என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு வண்டிக்குள் உட்கார்ந்திருந்த தாயிடம் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஊர் பேசிய பேச்சு என் காதில் இருந்தது. அந்த வரியைத் தமிழில் சொன்னால் அது நேராக அவருடைய முழங்காலில் போய் விழும் என்று தோன்றியது.

"நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறதா எழுதியிருக்காகக்கா" என்றேன்.

"வருத்தம்னா?" என்றார். "அழுதாகளாக்கும்?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. அழுததாத்தான் எழுதியிருக்கு."

அவர் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எந்த எழுத்து என்று கேட்டார். நான் டெப்ளோர் என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். தன் விரலை அதன்மேல் வைத்து, ஒரு குழந்தையின் முகத்தைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தார். அடக்கத்தன்று அழாதவர் அப்போதுதான் அழுதார். சத்தமே இல்லை. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முந்தியை வாயில் அழுத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார். குழம்பு தீய்ந்து வாசம் வந்தது. நான் எழுந்து போகவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டதாகவே அப்போது நினைத்தேன்.

அவர் போனபின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலமாரியில் இருந்த பெரிய அகராதியை எடுத்தேன். பி.எட். படிக்கும்போது வாங்கியது, சொல்லின் பிறப்பையும் போட்டிருக்கும். டெப்ளோர் லத்தீனிலிருந்து வந்த சொல். ப்ளோராரே என்றால் வாய்விட்டு ஓலமிட்டு அழுவது. முன்னால் நிற்கும் டெ என்பது முழுக்க, கடைசிவரை என்கிற அர்த்தத்தைத் தருகிறது. ஆக, அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு ஆற மாட்டாமல் அழுவது என்றுதான் பொருள். இங்கிலீஷுக்குள் நானூறு ஐந்நூறு வருடம் முன்பு வந்தபோதும் செத்தவர்களுக்காகப் புலம்புவதைத்தான் அது குறித்தது. அப்புறம் மெள்ள மெள்ள மாறி, வருந்துவது என்றாகி, இது வருந்தத்தக்க செயல் என்று ஒருவன் மற்றவனைப் பார்த்துச் சொல்வதாகி, கடைசியில் கண்டிப்பது என்று ஆகிவிட்டது. நான் விண்ணப்பத்தில் போட்ட இம்ப்ளோரும் அதே வேரில் வந்ததுதான். அது அழுது கேட்பது. ஒரே அழுகையிலிருந்து பிறந்த இரண்டு சொற்கள். கெஞ்சுகிறவர் வாயில் ஒன்று இருந்தது, தள்ளிவிடுகிறவர் வாயில் ஒன்று இருந்தது.

படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. நான் பொய் சொல்லவில்லை, வேர்ச்சொல்லைச் சொன்னேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். தமிழ்ச் சொல்லையும் தேடினேன். கண்டனம் வடமொழியிலிருந்து வந்தது, துண்டாக்குவது என்பது அதன் அடிப்படை. நாம் ஒருவரைக் கண்டித்தால் வெட்டுகிறோம், அவர்கள் கண்டித்தால் அழுகிறார்கள் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. கெட்டிக்காரத்தனமாக யோசிக்கிறவர்கள் எப்படிப்பட்ட காரியத்தையும் நியாயப்படுத்திவிடலாம்.

மறுநாளிலிருந்து அந்த நிம்மதி குறையத் தொடங்கியது. தாய் அந்தக் கடிதத்தைத் தேவாரத்துக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து, மகள் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வந்தவர்கள் எல்லோரிடமும் மேனேஜர் அழுதார் என்று சொன்னார். எந்தச் சொல் என்று காட்டவும் செய்தார். தெருவில் பேசிய வாய்கள்கூடக் கொஞ்சம் அடங்கின. தோட்டத்து ஆட்களே அழுதிருக்கிறார்கள், நாம் எதற்குப் பேசுவது என்று விட்டுவிட்டார்கள்.

முப்பது நாள் கெடு எனக்கு நினைவிருந்தது. நானே ஆட்சேபக் கடிதம் எழுதி அனுப்பிவிடலாம், தாய்க்குத் தெரிய வேண்டியதில்லை என்றுதான் திட்டம். எழுத உட்கார்ந்தால் எழுத முடியவில்லை. அவள் ஏன் படியில் நின்றாள், யார் நிற்கச் சொன்னது, உள்ளே இடம் இருந்ததா, இதெல்லாம் தெரிந்தால்தான் ஆட்சேபம் எழுதலாம். தெரிய வேண்டுமானால் தாயைக் கேட்க வேண்டும். கேட்டால் கடிதத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும். அரையாண்டுப் பரீட்சை வந்தது. விடைத்தாள் கட்டு வந்தது. இதெல்லாம் காரணங்களே இல்லை. கெடு முடிந்த நாளை நான் காலண்டரில் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். தாய் யாரிடமும் சொல்லாமல் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். நம் பிள்ளைக்காக அழுத மனுஷனை ஒருதரம் நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியதாம். வெறுங்கையோடு போகக் கூடாதென்று நாலு தேங்காய் எடுத்துக்கொண்டாராம். ஜீப்பில் ஏற மனமில்லாமல் பஸ்ஸில் கம்பம்மெட்டு வரை போய், அங்கிருந்து நடந்திருக்கிறார். அந்த முழங்காலோடு.

ஆபீசில் ஒரு மலையாளி கிளார்க் இருந்தாராம். தாய் கடிதத்தைக் கொடுத்து, மேனேஜர் ஐயா இதில் அழுததாக எழுதியிருக்கிறார், அவரைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். கிளார்க் இரண்டு தடவை படித்தாராம். நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது. வெளியே கூட்டிக்கொண்டு வந்து, தணிந்த குரலில், "சேச்சி, இதுல அப்படி இல்லல்லோ. உங்க மகளைக் கண்டிச்சு எழுதியிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். தாய் நம்பவில்லை. எங்க டீச்சர் படிச்சுச் சொன்னாக என்று சொன்னாராம். அப்போது கிளார்க் போனை எடுத்துக் கடிதத்தைப் படம் பிடித்து, அதில் மொழிபெயர்ப்பாக வந்த தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறார். இறந்தவரின் நடத்தையை நிர்வாகம் கண்டிக்கிறது. காய் எடுக்கிற பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்காக அங்கேதான் உட்கார்ந்திருந்தார்களாம். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேங்காயைப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார். நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். லேமினேட் செய்த கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"படிங்க டீச்சர். உள்ளத உள்ளபடி படிங்க."

நான் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு சொல் விடாமல், தமிழில் சொன்னேன். முப்பது நாள் கெடுவையும் சொன்னேன். அவர் நின்றுகொண்டே கேட்டார். முடித்தபின் நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தம் அழுவதுதான் என்றும், அகராதியில் போட்டிருக்கிறது என்றும் சொல்ல ஆரம்பித்தேன். எடுத்துக் காட்டுவதற்காக அலமாரிப் பக்கம் எழுந்தும் விட்டேன்.

"எந்தக் காலத்துலயோ யாரோ அழுதாகன்னு எனக்கு எதுக்கு டீச்சர்?" என்றார். "இன்னைக்கு இவுக என்ன சொல்றாகன்னுதான கேட்டேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் மெதுவாகப் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

வண்டிக்குள் இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் மூட்டைகளாம். அன்றைக்கு பூச்சிமருந்துக் கேனும் காய் மூட்டையும் பின்சீட்டில் ஏற்றியிருந்தார்கள். இறக்கி வைக்கச் சொன்னதற்கு முடியாது, இஷ்டமிருந்தால் ஏறு, இல்லையென்றால் நடந்து வா என்றாராம் சூப்பர்வைசர். ஒருத்தர் படியில் நின்றாக வேண்டும். தாய் நிற்பதாகச் சொன்னார். மகள் விடவில்லை.

"எம்மா, நீ உள்ள ஏறுன்னு புடிச்சுத் தள்ளிவிட்டா டீச்சர். நான் அவ முகத்தப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னா. செவுத்துல இடிச்சதையும் நாந்தான் பாத்தேன்." கடிதத்தைக் கையில் எடுத்தார். "எனக்குத் தெரியாத எதையாச்சும் அவுக அதுல எழுதிட்டாகளா? நீங்களா நெனச்சுக்கிட்டீக, இவளுக்குத் தாங்காதுன்னு. மூட்டைய இறக்கலன்னு நான் அப்பவே சொல்லியிருப்பேன்ல."

நான் அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவர் வாயை அடைத்துவிட்டிருந்தேன்.

மறுநாளே அவர் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதினேன். வக்கீல் ஒருவர் உதவினார். இழப்பீட்டு விசாரணைக்கு மனுப் போட்டோம். ஜீப்பில் வந்த மற்றப் பெண்கள் சாட்சி சொன்னால் போதும் என்றார் வக்கீல். நானும் தாயும் அவர்கள் வீடுகளுக்குப் போனோம். ஒருத்தி வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தாள். மார்கழிக் கடைசியில் தோட்டத்தில் எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். அந்தப் பெண் தன் இஷ்டத்துக்குத்தான் படியில் நின்றாள், வண்டியில் மூட்டை ஏதும் இல்லை என்று எழுதியிருந்ததாம். படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டால்தான் மறுநாள் வண்டியில் ஏற விடுவோம் என்றார்கள், படித்து என்ன செய்ய என்றாள். எல்லோர் வீட்டிலும் இதே பதில்தான். முப்பது நாளில் நாங்கள் ஆட்சேபம் அனுப்பியிருந்தால் அந்தத் தாள் வருவதற்கு முன்பே எங்கள் பேச்சு பதிவாகியிருக்கும். வக்கீல் அதை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. எனக்கே தெரிந்தது.

விசாரணைக்கு நானும் போனேன். ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் ஒரு அறை. அதிகாரி, தோட்டத்து வக்கீல், எங்கள் வக்கீல், தாய், சுவரோரப் பெஞ்சில் நான். தாய் மூட்டை விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். தோட்டத்து வக்கீல் எழுந்து, பதில் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு கெடு முடியும்வரை ஒரு ஆட்சேபமும் இல்லை, மாறாக இந்த அம்மா கடிதத்தை லேமினேட் செய்து வைத்து ஊருக்கெல்லாம் காட்டினார், தேங்காயோடு நன்றி சொல்லவும் வந்தார், அப்போது சொல்லாத மூட்டை இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதிகாரி தாயைப் பார்த்து, ஏம்மா, ஏன் அப்போதே எழுதவில்லை என்றார்.

தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "படிச்சுத்தான் சொன்னாக. நாந்தான் சரியா வெளங்கிக்கிடல" என்றார்.

நான் எழுந்து நின்றேன். உடனே எழுந்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. கொஞ்ச நேரம் ஆகித்தான் எழுந்தேன். அந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்னது நான்தான், அவர் சரியாகத்தான் விளங்கிக்கொண்டார், நான் தப்பாகச் சொன்னேன் என்றேன். நீங்கள் யார், என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். இங்கிலீஷ் டீச்சர் என்று சொன்னபோது தோட்டத்து வக்கீல் தலையைக் குனிந்து சிரித்தார். அர்த்தம் தெரியாமல் சொன்னீர்களா என்று அதிகாரி கேட்டார். தெரிந்துதான் சொன்னேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அதற்குக் கோப்பில் எழுதக்கூடிய ஒரு பதிலை என்னால் தர முடியவில்லை. மனசு வரவில்லை என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு, உட்காருங்கள் என்றார். கீழே இறங்கும்போது படியில் தாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்காலுக்காகத்தான். வேறு ஏதும் அதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உத்தரவு வர எட்டு மாதம் ஆயிற்று. மனுவை முழுதாகத் தள்ளவில்லை. கேட்டதில் ஒரு பங்கைக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இறந்தவரின் அஜாக்கிரதையும் விபத்துக்கு ஒரு காரணம் என்று எழுதியிருந்தது. மூட்டையைப் பற்றி, மனுதாரரின் பேச்சைத் தவிர வேறு சாட்சியம் இல்லை என்று ஒரே வரி. தாய்க்கு வேண்டியதெல்லாம் மகள்மேல் போட்ட பழியை எடுக்க வேண்டும் என்பதுதான். பணத்தைப் பற்றி ஒருநாளும் அவர் என்னிடம் பேசியதில்லை.

இந்த விவரமெல்லாம் எனக்கு வக்கீல் சொல்லித்தான் தெரியும். உத்தரவைத் தாய் என்னிடம் கொண்டு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள இ-சேவை மையத்தில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் எந்தக் காகிதம் வந்தாலும் அங்கேதான் போகிறார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசலில் யாரும் நிற்பதில்லை.

அவர் இப்போது மலைக்குப் போவதில்லை. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் பழம் தரம் பிரிக்கிற வேலை. உட்கார்ந்து செய்வது. கையெழுத்துப் போட்ட பெண்களில் இரண்டு பேர் அங்கேயே வேலை செய்கிறார்கள், ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் பூசை முடிந்து வரும்போது என்னோடு சேர்ந்து நடந்தார். இரண்டு தெரு தூரம் வந்தோம். அவர் தெரு திரும்பும் இடத்தில் நின்றார்.

"அந்த வரிய எடுக்கலையாம்ல டீச்சர்" என்றார். "எம்புள்ள மேலயும் தப்பு இருக்குன்னுதான் முடிச்சிருக்காகளாம்."

"ஆமாக்கா. அப்படித்தான் எழுதியிருக்காக" என்றேன்.

தலையை ஆட்டினார். மேற்கே மேகம் கட்டியிருந்தது. துணி காயப்போட்டிருக்கிறேன், எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் தெருவுக்குள் நடந்து போனார்.